ஐம்பத்து நான்கு அடி முனியம்மா

"குப்புறப் படு!"

ஏழுமலை கத்துகிறார். என் வீட்டுக்காரர். செவ்வாய்க்கிழமை. காலை பத்து இருபது. கையில் பிடுங்கிய வேர்க்கடலைச் செடி. அதை விடாமலே விழுகிறேன். வாயெல்லாம் மண்.

மலைக்குப் பின்னால் 'டப்' என்று ஒரு சத்தம் வந்திருந்தது. பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துகிற அளவுக்குத்தான் இருக்கும். அதற்குப் பிறகு எண்ண வேண்டும். எங்கள் ஊரில் பால்வாடிக் குழந்தைகூட எண்ணும். பதினொன்றுக்குள் வெடித்தால் குண்டு மலைக்கு அந்தப் பக்கமே விழுந்துவிட்டது. பிழைத்தோம். பதினொன்று தாண்டியும் வெடிக்கவில்லை என்றால் மலையைத் தாண்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறது.

ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

விசில். பிறகு தரை என்னைத் தூக்கிப் போட்டது.

மூன்று விழுந்தன. மூன்றாவதன் புகை அடங்கியபோது பத்து இருபத்தைந்து. ஐந்து நிமிஷம்தான். காதில் வண்டு ரீங்காரம். நான் எழுந்தேன். ஏழுமலை எழுந்தார். முனியம்மா எழவில்லை.

முனியம்மா ஏழுமலையின் அக்கா. வயது நாற்பத்தாறு. புருஷன் செத்தபின் எங்களோடுதான் இருந்தாள். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி. குரல் ஒலிபெருக்கி. சிரித்தால் ஏரிக்கரையில் கேட்கும். முழங்கால் வலி அவளுக்கு. உட்காரவே நேரமாகும். குப்புறப் படுக்க எங்களைப் போல் அவளால் முடியவில்லை. பாதி மண்டியிட்டிருந்தாள். அப்படியே இருந்தாள். முதலில் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன். கிட்டே போன பிறகு நான் பார்த்ததை எழுத மாட்டேன். எழுதினால் அதுவே ஞாபகத்தில் நிற்கும். அவள் நிற்க மாட்டாள்.

தேதி வேண்டுபவர்கள் தாலுகா ஆபீசில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். எனக்குக் கிழமையும் மணியும் போதும்.

என் பெயர் கஸ்தூரி. ஊர் ஒத்தப்பாறை. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். எங்கள் கொல்லை மலையடிவாரத்தில். ஒரு ஏக்கர். பட்டா நிலம். மலைக்கு அந்தப் பக்கம் குண்டு சுட்டுப் பழகும் மைதானம். யாருடையது, எந்தப் படை என்று இங்கே எழுதவில்லை. வந்து விழுந்த இரும்பில் பெயர் இல்லை. மலை உச்சியில் ஒரு கோபுரம். அதன் பக்கத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறினால் சுடப் போகிறார்கள். இறங்கினால் நாங்கள் ஆடு ஓட்டலாம். பல வருஷமாக இதுதான் ஏற்பாடு. வாரத்துக்கு இரண்டு நாள் சுடுவார்கள். குண்டு அந்தப் பக்கமே விழும். எப்போதாவது கை தவறும்.

அந்த மாதம் எல்லையில் சண்டை. டிவி முழுக்க அதுதான். அணு உலையில் வேலை செய்கிறவர்கள் குடியிருக்கும் அணுபுரத்தில் வீட்டு வேலை செய்யும் எங்கள் தெருப் பெண் வந்து சொன்னாள், குவார்ட்டர்ஸில் விளக்கை அணைத்துப் பழகுகிறார்களாம். கடற்கரைப் பக்கம் சைரன் ஊதிப் பார்த்தார்கள். பத்து நிமிஷம் ஊதினார்கள். மாமல்லபுரத்தில் நான் வேலை செய்யும் பட்டறையில் எல்லோரும் உளியைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தோம். காக்கைகள்தான் பறந்தன. வாரத்தில் இரண்டு நாள் இருந்த பயிற்சி ஆறு நாளானது. ஞாயிறு மட்டும் ஓய்வு. கொடி இறங்கவே இல்லை. கடலையோ, எங்கள் பேச்சில் மல்லாட்டை, முற்றிவிட்டது. இன்னும் விட்டால் மண்ணுக்குள்ளேயே முளைவிடும். கொடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வருஷம் போகும். இறங்கினோம்.

சண்டை எங்கேயோ நடந்தது. குண்டு எங்கள் கொல்லையில் விழுந்தது. இதைத்தான் யாரும் மறக்கக் கூடாது என்று எழுதுகிறேன்.

புதன்கிழமை மதியம் தாலுகா ஆபீசில் காகிதம் எழுதினார்கள். பழைய இரும்பு பொறுக்கும்போது வெடித்து இறந்தார் என்று எழுதினார்கள். ஒரே வரி. இரண்டு தடவை படித்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இரும்பு பொறுக்காதவர் இல்லை. கொடி இறங்கியதும் மலையேறி வெடித்த குண்டின் வால், செம்புத் துண்டு எல்லாம் சாக்கில் அள்ளி வருவோம். முனியம்மாவும் அள்ளியிருக்கிறாள். நானும். ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் கையில் இருந்தது கடலைச் செடி. தனக்கும் தம்பிக்கும் சொந்தமான நிலத்தில், தான் விதைத்த செடி.

மைதானத்திலிருந்து இரண்டு பேர் ஜீப்பில் வந்து விசாரித்தார்கள். ஒருவர் அதிகாரி. சின்ன வயது. தமிழ் தெரியாது. கூட வந்தவர் மதுரைப் பக்கம். அவர்தான் எங்களுக்கு எடுத்துச் சொன்னார். சுடுவதற்கு முன் கோபுரத்திலிருந்து தூரக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்களாம். கொல்லையில் யாரும் இல்லையாம். மூன்று பேர் இருந்தோமே என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மேல இருந்து பாத்தா ஆள் இருக்கிறதே தெரியலைம்மா."

பொய் சொல்லவில்லை அந்த மனிதர். அதுதான் என்னைக் குத்தியது. மண் நிறத்தில் புடவை. மண் நிறத்தில் உடம்பு. மேலிருந்து பார்த்தால் நாங்கள் இல்லை. அவ்வளவுதான்.

இங்கே என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமல்லபுரத்தில் ஒரு சிற்பப் பட்டறையில் ஏழு வருஷமாகப் பாலிஷ் போடுகிறேன். உளி பிடிப்பது ஆண்கள். அவர்கள் செதுக்கி முடித்த சிலையை எமரிக் கல்லும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து வழவழப்பாக்குவது பெண்கள். எத்தனை அம்மன் கன்னங்கள், எத்தனை பிள்ளையார் தும்பிக்கைகள். கண்ணை மூடிக்கொண்டாலும் மூக்கு எங்கே முடிகிறது, உதடு எங்கே தொடங்குகிறது என்று விரல் சொல்லும். ஆனால் தேய்ப்பது மட்டும்தான் என் வேலை. ஒரு அரிசி அளவு கூட்டவோ குறைக்கவோ எனக்கு உரிமை இல்லை. சிலை போகும். அதில் என் பெயர் இருக்காது.

முனியம்மா இதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வாள். "ஊரான் சாமி மூஞ்சிய தேச்சினு கீற. உன் மூஞ்சிய எவன்டி பாத்தான்?"

வெள்ளிக்கிழமை பட்டறையில் ஒரு துர்க்கையின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். காலை பதினொன்றே கால். கிரைண்டர் சத்தம். அதற்கு நடுவில் அந்த மதுரைக்காரர் சொன்ன சொல் திரும்பவும் காதில் விழுந்தது. ஆள் இருக்கிறதே தெரியலை. தெரிகிற மாதிரி செய்தால் என்ன என்று தோன்றியது. கை நின்றுவிட்டது. அந்த யோசனை எனக்கே பயமாக இருந்தது.

எங்கள் ஊரில் வருஷம் தவறாமல் பாரதம் படிப்பார்கள். கடைசி நாள் படுகளம். திரௌபதி அம்மன் கோயில் திடலில் துரியோதனனை ஏரி மண்ணால் மல்லாக்கப் படுத்த நிலையில் செய்வார்கள். முப்பது அடி இருப்பான். பீமன் வேஷம் கட்டியவர் வந்து தொடையில் அடிப்பார். அதோடு போர் முடியும். அந்த உருவத்தைச் செய்ய வெளியூரிலிருந்து ஆள் வருவார். ஆண்தான் செய்வார். பெண்கள் தூர நின்று பார்ப்போம். எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஒருத்தியும் அந்த மண்ணில் கை வைத்ததில்லை.

நான் வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்கால். கொடி இறங்கியிருந்தது. கொல்லையில், குண்டு விழுந்த குழிகளுக்குப் பக்கத்தில், முனியம்மாவை மண்ணால் செய்யப் போகிறேன் என்று ஏழுமலையிடம் சொன்னேன். எவ்வளவு பெரிசு என்று மட்டும் கேட்டார். கோபுரத்திலிருந்து தெரிகிற அளவுக்கு என்றேன். டிராக்டர் கேட்கப் போய்விட்டார்.

விஷயம் அதற்குள் கோயில் தர்மகர்த்தா காதுக்குப் போய்விட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. வரப்பில் வந்து நின்றார். கெட்டவர் இல்லை. உண்மையாகவே பயந்திருந்தார்.

"அகாலத்துல களம் போட்டா ஊருக்கு ஆவாது கஸ்தூரி. போர நாமளே கூப்ட்டுகினு வந்த மாதிரி ஆய்டும்."

"அது வந்துட்ச்சி அண்ணாத்த. மல்லாட்டக் கொல்லில விழுந்துகினு கீது."

அவர் போகவுமில்லை. தடுக்கவுமில்லை. வேப்ப மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்.

பட்டறையில் நாள் தவறாமல் காதில் விழும் கணக்கு ஒன்று உண்டு. முகம் ஒரு பங்கு என்றால் உடம்பு மொத்தம் ஒன்பது. யாரும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. அவர்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டதுதான். ஆறு அடி முகம் என்று வைத்தேன். ஐம்பத்து நான்கு அடி உடம்பு, மல்லாக்கப் படுத்த நிலையில். மூங்கில் கழியால் அளந்து, சாம்பலால் கோடு போட்டேன். தலை மேற்கே, மலையைப் பார்த்து. முதல் கோட்டை இரண்டு தடவை அழித்துப் போட்டேன். இடுப்பைக் கடந்த பிறகு அழிக்கவே இல்லை. ஏனென்று தெரியாது.

ஏரி வற்றிக் கிடந்தது. மண் மூன்று டிராக்டர் வந்தது. உமி கலந்து, தண்ணீர் விட்டு, ஏழுமலை மிதித்தார். ஒன்பது மணிக்கு அவர் காலில் ஏதோ தட்டியது. குனிந்து எடுத்தார். துருப்பிடித்த குண்டு வால். ஒரு சொரக்காயை ஓரமாக வைப்பது போல வரப்பில் வைத்துவிட்டு மறுபடி மிதித்தார். எங்களுக்கு அப்படிப் பழகிவிட்டது.

முதலில் நாங்கள் இரண்டு பேர். பத்து மணிக்குத் தெருப் பெண்கள் நான்கு பேர் கூடையோடு வந்தார்கள். மதியம் பதினேழு பேர். உள்ளே கல்லும் வைக்கோலும் அடுக்கினோம். மேலே மண். முழங்கால் செய்யும்போது ஒருத்தி அழுதாள். முனியம்மாவுக்கு வலித்த முழங்கால் அது. முகத்தை மட்டும் யாரையும் தொட விடவில்லை. அது எனக்கு.

மூக்கு. ஏழு வருஷமாக மற்றவர் செய்த மூக்கைத் தேய்த்தவள் நான். அன்றைக்கு மண்ணை அள்ளி வைத்தேன். இன்னும் அள்ளி வைத்தேன். என் கைக்குக் கீழே ஒரு மூக்கு எழுந்து வந்தது. முனியம்மாவின் மூக்கு, நுனி கொஞ்சம் சப்பை. கூட்ட வேண்டும் என்றால் கூட்டினேன். குறைக்க வேண்டும் என்றால் குறைத்தேன். கேட்க ஆள் இல்லை. பயம் போகவில்லை. பயத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்தது. அதற்கு என்ன பெயர் என்று இன்றுவரை தெரியாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் யாராலோ எறியப்பட்ட பொருளாக இருந்தேன். அந்த மாலையில் மறுபடி கஸ்தூரி ஆனேன். அவ்வளவு சொல்ல முடியும்.

வீட்டில் இருந்த பெரிய எவர்சில்வர் தட்டு இரண்டை எடுத்து வந்து மூக்கின் இரண்டு பக்கமும் பதித்தேன். மூக்குத்தி. கண்களைத் திறந்தே வைத்தேன். கோபுரத்தைப் பார்க்கிற மாதிரி. கடைசியில் உடம்பு முழுக்கச் சுண்ணாம்பு பூசினோம். வெயிலில் பளிச்சென்று தெரிய வேண்டும் இல்லையா? சுண்ணாம்பைக் கலக்கிக் கொடுத்தது ஏழுமலை. பூசியது நான். பதினேழு பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தோன்றவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஆறு பத்துக்கு முடிந்தது. தர்மகர்த்தா எழுந்து வந்து கால் பக்கமிருந்து தலை வரை நடந்து பார்த்தார். ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்றி வைத்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை. கொடி எட்டு மணிக்கு ஏறியது. ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டோம். எட்டு நாற்பது. 'டப்'. எண்ணுகிறேன். ஒன்பதில் வெடித்தது. அந்தப் பக்கம். மறுபடி 'டப்'. பத்தில் வெடித்தது. அதன் பிறகு ஒன்றுமில்லை. மைனா கத்துவது கேட்டது. எட்டு ஐம்பது. ஒன்பது. ஒன்பதே கால். இப்படி ஒரு அமைதி அந்த மாதத்தில் வரவே இல்லை.

ஒன்பதரைக்கு ஜீப் வந்தது. அதே அதிகாரி. அதே மதுரைக்காரர். அதிகாரி இறங்கி அவள் முகத்துக்குப் பக்கத்தில் நின்றார். கண்ணாடியில் முதலில் தெரிந்தது இரண்டு மின்னலாம். பிறகு ஒரு பெண்ணாம். யாரோ செத்துக் கிடக்கிறார்கள் என்று நினைத்து நிறுத்தச் சொல்லிவிட்டாராம். பாதி சரி என்று நினைத்துக்கொண்டேன்.

இதைச் செய்தது யார் என்று கேட்டார். பின்னால் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நானு."

வாழ்க்கையில் அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அந்தப் பதிலை நான் சொன்னதுமில்லை. அது யார் என்று அடுத்துக் கேட்டார். முனியம்மா என்றேன். பெயரைத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். அவர் வாயில் உருக்குலைந்து வந்தது. பரவாயில்லை. போனில் படம் எடுத்துக்கொண்டார். மேலே பேசுகிறேன் என்றார்.

பேசினாரோ என்னவோ, அன்றிலிருந்து பதினாறு நாள் ஒரு குண்டுகூட மலை தாண்டவில்லை. கடலையைப் பிடுங்கி முடித்தோம். பட்டறையில் ஸ்தபதி என் போனை வாங்கி முனியம்மாவின் படத்தை வெகு நேரம் பார்த்தார். "நெத்தி கொஞ்சம் கூட" என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்குச் சந்தோஷம். என் வேலையில் ஒருவர் குறை கண்டுபிடித்திருக்கிறார். அதற்கு முன்னால் குறை சொல்ல என்னிடம் வேலையே கிடையாது.

எல்லையில் சண்டை நின்றுவிட்டது என்றும் டிவி சொன்னது. ஊரில் வெடி வெடித்தார்கள். எனக்கு அந்தச் சத்தமும் பிடிக்கவில்லை.

இந்தப் பதினாறு நாளில் நடந்த இன்னொன்றைச் சொல்கிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. கொடிக்குப் பயப்படுவதை விட்டுவிட்டோம். ஏறியிருந்தாலும் கொல்லைக்குப் போனோம். ஆட்டை அவள் நிழலில் கட்டினோம். அவள் இருக்கிறாள், பார்த்துக்கொள்வாள் என்ற தைரியம். அந்தத் தைரியத்தைச் செய்தவள் நான். ஊரில் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றவர்கள் உண்டு. பிடித்திருந்தது. மறைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோடை மழை. சுண்ணாம்பு கரைந்துவிட்டது. புதன்கிழமை காலை ஏழுமலை மறுபடி சுண்ணாம்பு கலக்கினார். கொடி ஏறியிருந்தது. இருவரும் பார்த்தோம். இருவரும் பொருட்படுத்தவில்லை. அவர் அவள் பாதத்திலிருந்து பூசிக்கொண்டே தொடை வரை வந்திருந்தார். நான் ஏரிக்கரையில் குடத்தில் தண்ணீரோடு வருகிறேன். எட்டு இருபத்தைந்து.

'டப்'.

பழக்கத்தில் எண்ணுகிறேன். ஒன்பது. பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

"குப்புறப் படு!"

கத்தியது நான்தான். அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கையில் சுண்ணாம்பு மட்டை. முகத்தில் ஒரு புன்சிரிப்புகூட. அந்தப் பக்கம்தான் விழும் என்று நினைத்திருக்கிறார்.

நான்கு விழுந்தன. முதலாவது அவள் இடுப்பில். இரண்டாவது ஆடுகள் கட்டியிருந்த இடத்தில். மூன்றாவது எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். நான்காவது வெடித்தபோது அவர் தலை என் மடியில் இருந்தது. வெள்ளைச் சுண்ணாம்பில் சிவப்பு வேகமாகப் பரவும். எட்டு முப்பத்தொன்று.

செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் வலது காலை எடுத்தார்கள். தொடைக்குக் கீழே. பட்ட காலிலே படும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். வெளியே போங்கள் என்றேன்.

மூன்றாம் நாள் மதுரைக்காரர் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. பழைய ஆட்கள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய்விட்டார்களாம். அந்த அதிகாரியும்தான். புதிய ஆட்கள் திங்கட்கிழமை வந்து இறங்கியிருக்கிறார்கள். மைதானத்தில் எதைச் சுட வேண்டுமோ அந்தக் கல்லுக்கும் டயருக்கும் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பார்கள். வெள்ளை என்றால் குறி. அதுதான் அங்கே சட்டம். கோபுரத்திலிருந்து பார்த்த புதியவர்களுக்கு மலைக்கு இந்தப் பக்கம் பெரிதாக, புதிதாக, ஈரம் காயாத வெள்ளையில் ஒரு குறி தெரிந்திருக்கிறது.

எங்களுக்குத் தெரியாத சட்டம் இல்லை அது. ஏழுமலை மூன்று வருஷம் முன்னால் கூலிக்குப் போய் அந்தக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்தவர். எங்கள் தெருவில் பாதிப் பேர் அடித்திருக்கிறார்கள். கோபுரத்தில் இருப்பவர்கள் கண்ணில் பட வேண்டும் என்ற வேகத்தில் அது ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. மேலிருந்து தெரியாத பெண்ணை ஐம்பத்து நான்கு அடியில் தெரிய வைத்தேன். அவர்கள் வழக்கப்படியே தெரிய வைத்துவிட்டேன்.

அன்று மாலை ஏழுமலையின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னேன், உன்னைக் குறியில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான் என்று. அழுதுகொண்டேதான் சொன்னேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சுண்ணாம்பு கலக்குனது நானு. எனக்கே தோணல. நீ இன்னாத்துக்கு அழுவுற?"

கொஞ்சம் மூச்சு வாங்கினார்.

"காலு போச்சி. செஞ்ச கை கீது இல்ல? மறுபடி செய். என்னை மட்டும் செய்யாத. எனக்கு ரெண்டு காலு வெக்கணும், மண்ணு ஜாஸ்தி ஆவும்."

அந்த ஆஸ்பத்திரியில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான். சிரித்து முடிப்பதற்குள் மறுபடி அழுகை வந்துவிட்டது.

இருபத்திரண்டு நாள் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டு வந்தோம். தாலுகா ஆபீசிலிருந்து அவருக்கும் ஒரு காகிதம் வந்தது. பிரித்துப் படித்தேன். தன் சொந்த நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது காயமடைந்தார் என்று எழுதியிருந்தார்கள். இரும்பு என்ற சொல்லே இல்லை. எழுத முடியாது. விசாரிக்க வந்தவர்கள் மண் முனியம்மாவைச் சுற்றி நடந்து அளந்துவிட்டுப் போனார்கள். இடுப்பில் குழி. ஆனால் தலை அப்படியே இருந்தது. கண் திறந்தே இருந்தது. ஐம்பத்து நான்கு அடியில் ஒருத்தி படுத்திருக்கும் நிலத்தைக் குப்பை பொறுக்கும் இடம் என்று யார் எழுதுவார்கள்?

முனியம்மாவின் காகிதத்தைத் திருத்தச் சொல்லி நானே மனு எழுதினேன். அது முடிந்துபோன ஃபைல் என்றார்கள். மூன்று முறை போனேன். மூன்று முறையும் அதே நாற்காலி, அதே பதில்.

இன்றைக்கு ஞாயிறு. கொடி இறங்கியிருக்கிறது. புதிய ஆட்கள் கொல்லைக்கு மேலே வேலி போட்டிருக்கிறார்கள். குண்டு இந்தப் பக்கம் வராது என்று மதுரைக்காரர் சொல்லியனுப்பினார். நம்பவில்லை. மலைக்குப் பின்னால் 'டப்' என்றால் இன்னமும் எண்ணுகிறேன். ஏரி மண் இரண்டு டிராக்டர் கொட்டியிருக்கிறது. மூங்கில் கழியால் மெல்லத் துழாவிப் பார்த்த பிறகுதான் மிதிக்கிறோம். இடுப்பை மறுபடி கட்ட வேண்டும். இந்த முறை சுண்ணாம்பு கிடையாது. செம்மண் பூசப் போகிறேன். நெற்றியையும் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஸ்தபதி சொன்னது சரிதான். ஏழுமலை கட்டிலில் உட்கார்ந்துகொண்டு உமி போதாது, தண்ணீர் அதிகம் என்று அதட்டிக்கொண்டிருக்கிறார். பெண்கள் இருபத்து மூன்று பேர் வந்திருக்கிறார்கள். சில பேருக்கு என் மேல் இன்னும் கோபம் உண்டு. வந்திருக்கிறார்கள்.

போனவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முனியம்மா. வயது நாற்பத்தாறு. செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபதுக்கும் பத்து இருபத்தைந்துக்கும் நடுவில்.

ஏழுமலையின் வலது கால். புதன்கிழமை எட்டு இருபத்தைந்து.

ஆடு நான்கு. அதில் ஒன்று சினை.

வேர்க்கடலை, கொல்லையின் மேல் பாதி. முதல் குண்டுகளில்.

எவர்சில்வர் தட்டு ஒன்று. இன்னொன்றில் ஓட்டை. அதையே திரும்பவும் பதிக்கிறேன்.

என் இடது காதின் கேட்கும் சக்தியில் பாதி.

ஒரு மண் இடுப்பு. அது இன்று சாயங்காலம் திரும்பி வரும்.

முனியம்மாவின் காகிதத்தில், 'தன் சொந்த நிலத்தில்' என்ற மூன்று சொல். அவற்றை இன்னும் யாரும் எழுதித் தரவில்லை. அவற்றையும் போனதில் சேர்த்துக்கொள்ளுங்கள்.